மதகும் வயலும்: அயல்நாட்டு ஆய்வு நிதியும் நம் அறிவுத்துறைகளின் மதிப்பும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை காவிரி என்னும் பெயரோடே வயல்களை நோக்கிச் செல்கின்றது. மற்றொன்று கொள்ளிடமாகிக் கடலை நோக்கி விரைகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே அமைந்ததே திருவரங்கத் தீவு. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் படுகை ஆழமாகிக்கொண்டே வந்தது. காவிரியின் படுகையோ மணலால் மேடிட்டது. தஞ்சை வயல்கள் வாடத் தொடங்கின. அது மழை பொய்த்ததால் அன்று; வந்த நீர் செல்லும் வழி மாறியதால் நேர்ந்தது. 1830களில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டிய பின்னரே நீர் மீண்டும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அறிவுத்துறைகளின் வரலாற்றிலும் இதனையொத்த நிகழ்ச்சியைக் காண்கிறோம். ஒரு துறை செழிப்பதும் மற்றொன்று வறள்வதும் அவ்வத்துறையின் உண்மையை மட்டும் பொறுத்தவை அல்ல. பொருள் எங்கிருந்து வருகின்றது, அதனை எந்த வாய்க்காலில் திருப்புவது என்று முடிவு செய்பவர் யார் என்பவற்றையும் பொறுத்தவை. அயல்நாட்டு நிதி நம் நாட்டில் எத்துறைகளை உயர்த்தியது, எவற்றைத் தாழ்த்தியது என்பதனைத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் ஆகிய இரு நகர்களின் வரலாற்றை ஒட்டி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அயல்நாட்டுத் திருச்சபைகளின் ஆதரவில் வளர்ந்த இறையியல் கல்வியைப் பெற்றுள்ள நமக்கு இது பிறர் செய்தி அன்று.

1. கோயில் நிவந்தமும் கல்வியும்

அயல்நாட்டு நிதி வருமுன் இங்குக் கல்வி எவ்வாறு தாங்கப்பட்டது? திருவரங்கம் கோயிலின் கல்வெட்டுகளுள் 600க்கு மேற்பட்டவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதியாக 1982இல் தொல்லியல் துறையால் வெளியிடப்பட்டன. அவற்றைப் பயில்வோர், நிவந்தங்கள் விளக்கிற்கும் அமுதிற்கும் மட்டும் ஏற்பட்டவை அல்ல என்பதை உணர்வர். முதற் குலோத்துங்கன் காலத்து, 1088ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டொன்று குலசேகராழ்வாரின் பதிகம் ஒன்றைத் திருமுன் ஓதுவதற்கு வைக்கப்பட்ட நிவந்தத்தைக் கூறுகின்றது. 13ஆம் நூற்றாண்டில் ஓலைச்சுவடிகளைக் காக்கும் சரசுவதி பண்டாரம் ஒன்று இக்கோயிலில் நிறுவப்பட்டது. நோயாளிகளைப் பேணும் ஆரோக்கியசாலையும் இங்கு இயங்கியது. அதனோடு தொடர்புடைய தன்வந்திரி சந்நிதியை இன்றும் காணலாம்.

இவ்வாதரவின் நிழலிலேதான் நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பொருள் விரித்தார். வடக்குத் திருவீதிப்பிள்ளை அதனை ஏடுபடுத்தினார். பெரியவாச்சான்பிள்ளை நாலாயிரத்திற்கும் உரை கண்டார். வடமொழி வேதாந்தத்தையும் தமிழ்ப் பிரபந்தத்தையும் ஒருங்கே மறையெனக் கொள்ளும் உபய வேதாந்தம் என்னும் துறை இவ்வாறு நிலைபெற்றது. கேள்வியைக் கேட்டவர், விடை கூறியவர், செலவைத் தாங்கியவர் ஆகிய மூவரும் ஒரே தெருக்களில் வாழ்ந்தனர்.

எனினும் உள்ளூர் நிதி என்பதனாலேயே அது நீதியானது என்று கொள்ளுதல் தவறு. நிவந்த நிலத்தில் உழுதவர்களின் அறிவு எவ்வேட்டிலும் ஏறவில்லை. உறையூரில் தோன்றிய திருப்பாணாழ்வார் தீவிற்குள் அடிவைக்கத் துணியாமல் அக்கரையில் நின்று பாடினார் என்று அம்மரபே கூறுகின்றது. அக்கரையில் நின்றோர் பலருக்கு அவருக்குக் கிடைத்த இடம் கிடைக்கவில்லை. கொடுப்பவர் அருகில் இருப்பினும் தொலைவில் இருப்பினும், அவர்தம் பார்வைக்கு அப்பாற்பட்டது துறையாக மலர்வது அரிது. இதனை நினைவிற்கொண்டே மேற்செல்லுதல் வேண்டும்.

2. ஹாலேயிலிருந்து வந்த பொருள்

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கிற்கு டென்மார்க்கு அரசனின் ஆணையும், ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பிராங்கேயின் ஆதரவும், பின்னர் இலண்டன் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தின் உதவியும் கிடைத்தன. நாம் அறிந்த வரையில், தமிழ்நாட்டில் அறிவுப்பணிக்குப் பல நாட்டவர் சேர்ந்து பொருள் அனுப்பிய தொடக்கக் காலத் திட்டம் இதுவே. அதனால் விளைந்த அச்சகமும் பள்ளிகளும் நாம் நன்கறிந்தவை. நாம் ஈண்டுக் கருத விழைவது வேறொன்று.

சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் இலத்தீன் மொழியில் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை விரிவாக எடுத்துரைத்து அவர் 1713இல் எழுதி முடித்த நூலோ அங்கு அச்சேறவில்லை. அஞ்ஞானத்தை அகற்றுவதற்கே ஊழியர் அனுப்பப்பட்டனர், அதனை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்பது ஹாலேயின் நிலையாக இருந்தது என வரலாற்றாசிரியர் எழுதுவர். அந்நூலை ஜெர்மான் என்னும் மிஷனெரி சென்னையில் பதிப்பித்தது 1867இல். அதாவது 154 ஆண்டுகள் கழித்து. எழுதியவர் ஒருவரே, உழைப்பும் ஒன்றே, செலவிட்ட பணமும் ஒரே பையிலிருந்து வந்ததே. ஆயினும் இலக்கணம் அறிவாக ஏற்கப்பட்டது. சமயங்களைப் பற்றிய ஆராய்ச்சி பெட்டியில் உறங்கியது. கொடுத்தோர் கேட்ட கேள்வி, தமிழைக் கற்பது எவ்வாறு என்பது. தமிழர் எதனை நம்புகின்றனர் என்பது அன்று.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் நாட்டம் மாறிற்று. கற்றோர் கழகங்கள் இயற்கைப் பொருள்களைத் தேடின. லின்னேயசின் மாணவரான கோனிக் 1768இல் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருக்குப்பின் ஜான், ராட்லர் முதலிய அருள்தொண்டர்கள் செடிகளையும் மீன்களையும் சிப்பிகளையும் திரட்டி அனுப்பினர். பெர்லினில் மீனியலறிஞர் பிளாக் ஒரு மீன் இனத்திற்கு ஜானின் பெயரையே சூட்டினார். ராட்லர் சேர்த்த உலர்தாவரங்கள் இறுதியில் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தைச் சென்றடைந்தன. அச்செடிகளின் பெயரையும் பயனையும் சொல்லிக் கொடுத்த தமிழ் மருத்துவர்களும் மீனவர்களும் எவ்வினத்திற்கும் பெயராகவில்லை. தாவரவியல் பெருமை பெற்றது; அதற்கு உணவளித்த நாட்டு மருத்துவ அறிவு வெறும் செய்திக் குறிப்பாகச் சுருங்கியது.

திருச்சிராப்பள்ளிக்கு 1762இல் வந்து 1778இல் தஞ்சைக்குச் சென்ற சுவார்ட்சின் கடிதங்களையும் இவ்வொளியிலேயே படித்தல் வேண்டும். ஹாலேயில் 1710 முதல் வெளிவந்த மிஷன் அறிக்கைகள் காணிக்கை கொடுப்போர் படிப்பதற்காக அச்சிடப்பட்டவை. அவர்தம் மனத்தை நெகிழ்விக்கும் உரையாடல்களும் மனமாற்றங்களும் அவற்றில் விரிவாக இடம் பெறுவது இயல்பே. சபையைத் தாங்கிய உபதேசிமார்கள் ஒருவரிடம் ஒருவர் என்ன பேசினர், எவ்வாறு வேதம் கற்பித்தனர் என்பன அவற்றில் அருகியே கிடைக்கும். நம் திருச்சபை வரலாறு நெடுங்காலம் மிஷனெரி வரலாறாகவே எழுதப்பட்டதற்கு இது தலையாய காரணம். சான்றுகளே அவ்வாறு அமைந்துவிட்டன.

3. உபய வேதாந்தம் ஒரு வேதாந்தமான கதை

திருவரங்கத்தின் கல்விமரபு மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் எவ்வுருவில் புகுந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. மாக்ஸ் முல்லர் பதிப்பித்த இருக்கு வேதத்திற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி பொருளுதவி செய்தது. பின்னர் அவர் தொடங்கிய கீழ்த்திசைப் புனித நூல்கள் வரிசை 1879 முதல் 1910 வரை 50 தொகுதிகளாக வெளிவந்தது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக அச்சகமும் இந்திய அரசாங்கமும் அதற்கு ஆதரவளித்தன. அவ்வரிசையின் 48ஆம் தொகுதியாகத் தீபோ மொழிபெயர்த்த இராமாநுசரின் வேதாந்த சூத்திர உரை 1904இல் வெளிவந்தது. திருவரங்கத்து ஆசாரியர் உலக மெய்யியலாளர் வரிசையில் இடம் பெற்றார்.

ஆனால் அந்த 50 தொகுதிகளில் ஒன்றேனும் தமிழ் நூலுக்கு ஒதுக்கப்படவில்லை. சமஸ்கிருதம், பாலி, அவெஸ்தா, அரபி, சீனம் ஆகியவற்றிற்கெல்லாம் அங்கு இடம் இருந்தது. திருவாய்மொழிக்கும் அதன் ஈட்டுரைக்கும் இடம் இல்லை. திருவரங்கம் ஒரே மறையின் இரு கண்களாகப் போற்றியவற்றுள் ஒன்று மெய்யியல் என்று பெயர் பெற்றது. மற்றொன்று பக்திப் பாடல் என்று ஒதுக்கப்பட்டது. இப்பிரிவினை உரைகாரர் செய்ததன்று. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் சமஸ்கிருதத்திற்கு இருக்கைகள் இருந்தமையும் தமிழுக்குப் பெரும்பாலும் இல்லாமையும் செய்தது. நம்முடைய பல்கலைக்கழகங்களும் இதே பாகுபாட்டைப் பின்பற்றி, இராமாநுசரைத் தத்துவத் துறைக்கும் ஆழ்வார்களை இலக்கியத் துறைக்கும் பங்கிட்டுக் கொண்டன.

தமிழ்ப் பாடல்களை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்திய பணியில் மிஷனெரிமார்க்கு ஒரு பங்குண்டு. போப்பையரின் திருவாசக மொழிபெயர்ப்பு 1900இல் வெளிவந்தது. ஹூப்பர் ஆழ்வார் பாடல்களைத் தெரிந்தெடுத்து 1929இல் ஒரு சிறுநூலாக வெளியிட்டார். பெருந்தொகுதிகளுக்குக் கிடைத்த அரசாங்க ஆதரவு அச்சிறுநூலுக்கு இல்லை. எனினும் விடுபட்டதைக் கண்ட கண் அதில் இருந்தது.

4. கோதுமையும் கல்வெட்டும்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிதியின் ஊற்று மாறியது. அமெரிக்கா அனுப்பிய உணவுத் தானியத்திற்காக இந்தியா ரூபாயாகச் செலுத்திய தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் இந்திய மொழி நூல்களை வாங்கி அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. பி.எல். 480 என்னும் அச்சட்டத்தின் பயனாகத் தமிழ்நூல்கள் அங்குக் குவிந்தன. தமிழ் படிப்பது அங்கு ஒரு துறையாயிற்று. அங்குத் துறையான பின்னரே, இங்கும் சிலர் அதனைப் புதிய மதிப்போடு நோக்கினர்.

திருச்சிராப்பள்ளி மாவட்டம் இக்காலத்தில் எதிர்பாராத வகையில் உலக ஆய்வரங்கில் இடம் பெற்றது. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா சென்னையில் பயின்று, திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு சோழர் கால ஊர்களைப் பற்றி 1966இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனியொருவர் உடைமையாகக் கைமாறியதையும், அல்லூரில் ஊரார் கூட்டாக நிலத்தை வைத்திருந்ததையும் கல்வெட்டுகளைக் கொண்டு அவர் காட்டினார். மன்னர் பெயர்களையும் போர்களையும் தேடிப் படிக்கப்பட்டுவந்த கல்வெட்டுகள், நிலம் யாருடையது என்னும் கேள்விக்கு விடை கூறத் தொடங்கின. பின்னர்த் தோக்கியோ அயல்மொழிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் திருச்சிராப்பள்ளி மாவட்டச் சிற்றூர்களின் சமுதாய மாற்றங்களைப் பற்றிய தொகுதிகளை 1980களின் தொடக்கத்தில் வெளியிட்டது. ஹருகா யனகிசாவா இலால்குடி வட்டத்து நிலப்பதிவேடுகளை ஆராய்ந்து, 1860களிலிருந்து 1970கள் வரை நிலம் கைமாறிய வரலாற்றை 1996இல் நூலாக்கினார். அந்தணர் கையிலிருந்த நன்செய் படிப்படியாகப் பிறரிடம் சென்றதையும், ஒடுக்கப்பட்ட உழவுத் தொழிலாளர் சிறிதளவேனும் நிலம் பெற்றுத் தம் காலில் நிற்க முயன்றதையும் அந்நூல் எடுத்துரைக்கின்றது.

இவ்வரலாறு நமக்கு இரு பாடங்களைத் தருகின்றது. ஒன்று, கோயில் நிவந்தம் காண மறுத்த உழவரை அயல்நாட்டார் கண்டனர். ஆதலின் அயல்நாட்டு நிதி அனைத்தும் கேடு என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. மற்றொன்று, அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இலால்குடியில் உட்கார்ந்து படிக்கக்கூடிய தமிழில் அவ்வாராய்ச்சி எழுதப்படவில்லை. அவர்கள் செய்தியாயினர், வாசகராகவில்லை.

நாட்டார் வழக்காற்றியலின் வரலாறும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1967இல் நெல்லை ஆய்வுக்குழுவைத் தொடங்கி, 1969 முதல் ஆராய்ச்சி என்னும் இதழை நடத்திய நா. வானமாமலை பெருநிதி எதுவும் இன்றிக் கதைப்பாடல்களைத் திரட்டினார். அன்று அப்பணியைக் கல்வித்துறை எனக் கருதியோர் சிலரே. ஃபோர்டு நிறுவனம் இத்துறைக்கு நிதி வழங்கத் தொடங்கி, 1997இல் தேசிய நாட்டுப்புறவியல் உதவி மையம் சென்னையில் அமைந்தபோது துறையின் நிலை உயர்ந்தது. வயலை உழுதவர் வேறு, மதகைத் திறந்தவர் வேறு. முன்னவர் உழாதிருப்பின் பின்னவர் விட்ட நீர் எங்குப் பாய்ந்திருக்கும்?

5. இறையியல் கல்வி நிதி

இனி நம் இல்லத்தை நோக்குவோம். 1957ஆம் ஆண்டின் இறுதியில் கானா நாட்டின் அக்ரா நகரில் கூடிய அனைத்துலக மிஷனெரி மன்றம் இறையியல் கல்வி நிதியை அமைக்கத் தீர்மானித்தது. இளைய ராக்பெல்லர் தொடர்புடைய அறநிதியம் 20 இலட்சம் டாலர் அளிக்க, அமெரிக்க மிஷன் சங்கங்கள் அதற்கு ஈடாக 20 இலட்சம் டாலர் திரட்டின. அந்நிதியின் அலுவல் மூன்று கட்டங்களாக 1977 வரை நடைபெற்றது.

முதற் கட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்லூரிகளை உயர்த்துவதும், நூலகங்களை நிறைப்பதும், பாடநூல்கள் ஆக்குவதும் குறிக்கோள்களாக இருந்தன. இந்நிதியால் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இறையியல் கல்லூரிகள் அடைந்த நன்மையை மறுப்பது நன்றியன்று. ஆயினும் ஒரு கல்லூரியின் தரம், அது மேனாட்டுக் கல்லூரியை எவ்வளவு ஒத்திருக்கின்றது என்பதனால் அளக்கப்பட்டது. வேத ஆராய்ச்சியும் முறைமை இறையியலும் மேல்வரிசையில் அமர்ந்தன. சபை வரலாறு, கீர்த்தனை இசை, கிராம சபையின் போதனா முறை, அயலவர் சமயங்களைத் தமிழ் மூலத்தில் கற்றல் ஆகியவை துணைப்பாடங்களாயின. நெடுங்காலம் எல்.டி.எச். வகுப்பு வட்டார மொழியிலும் பி.டி. வகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்திலும் நடந்தமை இவ்வரிசையை மேலும் இறுக்கியது. தமிழில் சிந்திப்பது முதற்படி, ஆங்கிலத்தில் சிந்திப்பது மேற்படி என்னும் எண்ணம் மாணவர் மனத்தில் வேரூன்றியது.

மூன்றாம் கட்டத்தில் தைவான் நாட்டவரான ஷோகி கோ இயக்குநராக இருந்து, சூழலுக்கேற்ற இறையியலாக்கம் என்னும் கருத்தை 1972இல் முன்வைத்தார். அதன்பின் சூழல் என்னும் சொல் எங்கும் ஒலித்தது. இஃது உண்மையான திருப்பமே. ஆசியர் ஒருவரின் வேதனையிலும் சிந்தனையிலும் பிறந்தது. எனினும், உங்கள் மண்ணில் வேரூன்றுங்கள் என்னும் அறிவுரை இலண்டனை அடுத்த பிராம்லியில் இருந்த அலுவலகத்தின் வழியாக நமக்கு வந்து சேர வேண்டியிருந்தது. வேதநாயகம் சாஸ்திரியார் தஞ்சையில் அமர்ந்து கீர்த்தனையில் வடித்த இறையியலை, சூழல் என்ற சொல் வந்த பின்னரே இறையியல் என்று அழைக்க நமக்குத் துணிவு பிறந்தது.

6. பவுலடியார் காட்டும் வழி

பொருளுதவி பெறுவதா மறுப்பதா என்னும் வினா திருச்சபைக்குப் புதியதன்று. பவுல் பிலிப்பி சபையாரின் உதவியை நன்றியோடு ஏற்றார். கொரிந்து சபையாரிடம் தமக்கென எதுவும் பெறாது, கூடாரத் தொழிலால் உழைத்தார். பணம் ஒன்றே, ஆனால் ஓரிடத்தில் அது தோழமையின் கனி, மற்றோரிடத்தில் ஊழியத்தின் உரிமையைக் கட்டுப்படுத்தக்கூடிய கயிறு. எருசலேமின் ஏழைகளுக்காகப் புறவின சபைகளில் திரட்டிய காணிக்கையை அவர் கடனாகவும் ஐக்கியமாகவும் விளக்கினாரேயன்றி, கொடுத்தவர் எருசலேமுக்குப் போதகம் வகுக்கும் உரிமையாக விளக்கவில்லை. எந்த உதவியையும் இவ்வேறுபாட்டைக் கொண்டு சோதித்தறிதல் நம் கடமை.

இச்சோதனைக்குக் காலமும் நெருக்குகின்றது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 1976இல் பிறந்து, 2010இல் புதிதாக இயற்றப்பட்டு, 2020இல் மேலும் இறுக்கப்பட்டது. அயல்நாட்டுப் பொருளையே நம்பி நின்ற ஆய்வுப்பணி இனி எளிதாக நடவாது. மறுபுறம், பன்னாட்டு அட்டவணைகளில் இடம்பெறும் ஆங்கில இதழ்களின் கட்டுரைகளுக்கே கல்லூரிகளில் மதிப்பெண் மிகுதி. பணமே வராத இடத்திலும் பழைய அளவுகோல் தொடர்ந்து ஆள்கின்றது. நீர் வற்றிய பின்னும் வாய்க்கால் பழைய திசையிலேயே கிடக்கின்றது.

ஆதலின் செய்யத்தக்கவை சில உள. நம் ஆலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும், அடக்கப் பதிவேடுகளும், சபைக் கமிட்டி நடவடிக்கைப் புத்தகங்களும் இரும்புப் பெட்டிகளில் கறையானுக்கு இரையாகின்றன. யனகிசாவா நிலப்பதிவேட்டில் தேடிய மக்கள் பலரின் பெயர்களும் தொழிலும் ஊரும் அவற்றில் உள்ளன. ஆயர் ஒவ்வொருவரும் தம் சேகரத்துப் பதிவேடுகளைப் பட்டியலிட்டு, படியெடுத்து, ஒரு படியை மறைமாவட்ட அலுவலகத்தில் சேர்ப்பதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. ஆண்டிற்கு ஒரு ஞாயிறு காணிக்கையை மறைமாவட்டங்கள் தமிழ் ஆய்விற்கென ஒதுக்கினால், மாணவர் ஒருவர் தம் ஊர்ச் சபையின் வரலாற்றை எழுத அது போதும். அவர் எழுதியதை அச்சபையார் கூடிக் கேட்டு, திருத்தம் கூறிய பின்னரே கல்லூரி அதற்கு மதிப்பெண் வழங்கலாம். அயல்நாட்டுத் தோழர் உதவ முன்வந்தால், கேள்வியை நாம் வகுத்து, மூலச்சான்றுகளை இங்கேயே வைத்து, முடிவுகளைத் தமிழிலும் வெளியிடுவதென்னும் உடன்பாட்டோடு அவ்வுதவியை மகிழ்ந்து ஏற்கலாம்.

இவ்வகைக் காணிக்கை சிறிதாகவே இருக்கும். அதனைக் கொண்டு 50 தொகுதிகள் பதிப்பிக்க இயலாது. ஆயினும் களத்தில் கூலி வாங்கிய கையால் அளிக்கப்பட்ட ஒரு ரூபாயில் எழுதப்படும் வரலாறு, யாருக்கு விடை கூற வேண்டும் என்பதை மறவாது. எத்துறை உயர்ந்தது எனத் தீர்மானிக்கும் உரிமையில் நம் சபை மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அவர்களுக்கு உணர்த்துவதே இறையியல் ஆசிரியரும் ஆயரும் இன்று ஏற்கவேண்டிய பணி.